ஆமோஸ் கில்கிரிஸ்ட்டின் பலகை

வாசலுக்கு மேல் தொங்கிய புதுப் பெயர்ப் பலகையில் "கில்கிரிஸ்ட் சாராயக் கடை" என்று எழுதியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். எழுத்து மாறவில்லை.

என் கொள்ளுத்தாத்தா ஆமோஸ் கில்கிரிஸ்ட் காட்டை வெட்டிக் கட்டிய மரக்கட்டை வீடு அது. கண்காட்சி மைதானத்தின் கிழக்கு மூலையில், பழைய பள்ளிக்கூடம், கொல்லன் பட்டறை, தபால் நிலையம் என்று எங்கள் மாவட்டத்துப் பழங்காலக் கட்டடங்களைக் கொண்டுவந்து ஒரு கிராமமாக நிறுத்தியிருக்கிறார்கள். போன இலையுதிர் காலத்தில்தான் எங்கள் வீட்டை அவர்களுக்குக் கொடுத்தேன். கட்டை கட்டையாகப் பிரித்து எடுத்துவந்து இங்கே எழுப்பினார்கள். வீடு இங்கே வந்த பிறகு நடக்கும் முதல் கண்காட்சி இது. அன்று நண்பகலில் என் கொள்ளுப்பேரனுக்கு அந்த வீட்டுக்குள் ஞானஸ்நானம். ஆமோஸ் என்றே பெயர் வைத்திருந்தோம். ஒகையோ மாநிலத்தின் நாலு மூலையிலிருந்தும் கில்கிரிஸ்ட்டுகள் வந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பகுதியில் மதுவிலக்கு உறுதிமொழியில் முதல் கையெழுத்துப் போட்டவர் என் தாத்தா. என் அம்மா கேக்கில் வெனிலா எசன்ஸ்கூட விடமாட்டாள், அதில் சாராயம் கலந்திருக்கிறது என்று. நான் கண்காட்சிக் குழுவில் இருந்த காலத்தில் பீர்க் கூடாரத்தைப் பன்றிக் கொட்டகைக்கு அப்பால் தள்ளிவைக்கச் செய்தேன். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

கிராமத்தின் பொறுப்பாளர் டார்லா ஸ்டக்கி முன்னோர் காலத்துப் பாவாடையும் துணித்தொப்பியுமாக ஓடிவந்தாள்.

"மிஸ்டர் கில்கிரிஸ்ட், போன் பண்ணிச் சொல்லணும்னுதான் நெனச்சேன். தைரியம் வரல."

"யார் எழுதினது இத?"

"நான்தான்."

"கழட்டு."

"கழட்டிடறேன். ஆனா ஒருதரம் உள்ள வந்து பாருங்க. அப்புறமும் கழட்டச் சொன்னா நானே ஏணி போட்டு ஏறறேன்."

உள்ளே போனேன். போனவுடன் கண்ணில் பட்டது எங்கள் பலகை.

நீளமான வால்நட் மரப் பலகை. வேதாகமம் வைத்து வாசிக்க ஆமோஸ் தன் கையால் செதுக்கியது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். குடும்பம் கூடும்போதெல்லாம் அதன்மேல் கை வைத்துத்தான் ஜெபம் சொல்வோம். எங்கள் வீட்டுக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் அதன்மேல் கிண்ணம் வைத்துத்தான் ஞானஸ்நானம் நடந்தது. எனக்கும்கூட. அதற்குச் சொந்தமாகக் கால் கிடையாது. இரண்டு மர முக்காலிகளின் மேல் கிடத்தி, அம்மா பூவேலை செய்த வெள்ளை விரிப்பால் மூடி வைத்திருப்போம். வேதாகம மேசைக்கு ஏன் காலில்லை என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஒரு முனையில் கீல் வைத்த துண்டு ஒன்று மேலே மடங்கும். போதகர் பலகைக்குப் பின்னால் போய் நிற்பதற்கு என்பார்கள்.

அன்று பலகை முக்காலிகளின் மேல் இல்லை. அறையின் குறுக்கே, இடுப்புக்குச் சற்று மேலே, இரண்டு பக்கச் சுவர்க் கட்டைகளிலும் வெட்டியிருந்த காடிப் பள்ளங்களில், கடையில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் மேடை போலக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"வீட்டப் பிரிக்கறப்ப காரைக்கு அடியில அந்தக் காடி ரெண்டும் இருந்துச்சு," என்றாள் டார்லா. "எதுக்குன்னே புரியல. நேத்து உங்க மாப்பிள்ளை பலகையக் கொண்டாந்து எறக்கினாரு. சும்மா வச்சுப் பாத்தேன். ஒரு தட்டுகூடத் தட்டல, தானா உக்காந்துடுச்சு. தரைக்கு அடியில ஒரு குழி நெறய சாராயம் வைக்கற மண் ஜாடிங்க வேற."

விரிப்பு மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அது இல்லாமல் அந்தப் பலகையை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. ஞானஸ்நானக் கிண்ணம் வைக்கும் இடத்தில் மட்டும் அம்மா விரிப்பை வட்டமாக வெட்டித் தைத்திருந்தாள். அங்கே ஒரு கறுப்பு வளையம் தெரியும். தலைமுறை தலைமுறையாகக் கிண்ணம் வைத்த புனிதத் தடம் என்று நினைத்திருந்தோம். இப்போது பலகை முழுக்க அதே வளையங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, ஓரத்திலிருந்து ஓரம் வரை, ஈரக் குவளை வைத்து வைத்து எடுத்த தடங்கள்.

ஒரு வளையத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

"பீர்க் கூடாரத்துப் பசங்க காலைலயே வந்து பாத்துட்டுப் போயிட்டானுங்க," என்றாள் டார்லா தயங்கித் தயங்கி. "கடை எப்ப தொறப்பீங்கன்னு உங்ககிட்டக் கேக்கச் சொன்னானுங்க."

"ஞானஸ்நானம் சர்ச்சுல நடக்கும்," என்றேன். "என் மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. இந்தப் பலகைய வண்டியில ஏத்தணும்."

"எங்க கொண்டு போறீங்க?"

என் மனத்தில் இருந்தது எங்கள் வீட்டு விறகு அடுப்பு.

அப்போதுதான் என் அக்கா லுவெல்லாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு குழந்தையின் அம்மா, என் பேத்தி கொரீன் வந்தாள். அக்கா மடியில் ஒரு தட்டு அகலத்துக்குப் பொரித்த மாவு ரொட்டி. முகவாயெல்லாம் சர்க்கரைப் பொடி.

"என்னடா வெண்டல், பேயறஞ்ச மாதிரி நிக்கற?"

நான் பலகையைக் காட்டினேன். அவள் பார்த்தாள். வாயில் இருந்ததை மென்று முடித்தாள்.

"அட, பொருந்திடுச்சா," என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அம்மா எனக்குக் கல்யாணம் ஆன வருஷமே சொல்லிட்டா. ஆமோஸ் ஆத்தோரமா வர்ற வழிப்போக்கனுக்கெல்லாம் ஊத்திக் குடுத்திருக்காரு. பொண்டாட்டி செத்த பொறகு கடைய மூடிட்டு சர்ச்சுக்குப் போக ஆரம்பிச்சாராம்."

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"உங்கிட்டயா? வருஷா வருஷம் வாசல்ல நின்னு மார நிமித்திக்கிட்டு, இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு போனதில்லன்னு பேசுவியே." அவள் விரலை நக்கிக்கொண்டாள். "அவன்கிட்டச் சொல்லாதடி, பலகைய அடுப்புல வச்சுடுவான்னு அம்மா சொன்னா. நான் சொல்லல."

அம்மா என்னைப் பற்றி அவ்வளவு சரியாக அறிந்திருந்தாள் என்பது, அந்த வளையங்களைக் காட்டிலும் என்னை உலுக்கியது. வெனிலா எசன்ஸை வீட்டுக்குள் விடாத அம்மா, இத்தனை வளையங்களையும் தெரிந்தே மூடி, ஒன்றை மட்டும் திறந்து வைத்துத் தைத்திருக்கிறாள்.

வெளியே ஆட்கள் சேரும் சத்தம் கேட்டது. போதகர் மெரிட் அம்மையார் அங்கியோடு உள்ளே வந்து, கீல் வைத்த துண்டைத் தூக்கிவிட்டுப் பலகைக்குப் பின்னால் போய் நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கொரீன் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஈயக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். கிண்ணம் வைப்பது எங்கள் குடும்பத்தில் ஆண்களில் மூத்தவனின் வேலை.

"எங்க வைக்கறது தாத்தா? விரிப்பப் போடட்டுமா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். டார்லா இரண்டு கையாலும் தொப்பியின் நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"விரிப்பு வேண்டாம்," என்றேன்.

கிண்ணத்தைப் பழைய வளையத்தின் மேல் வைத்தேன். சரியாகப் பொருந்தவில்லை. கிண்ணத்தின் அடிப்பாகம் ஒரு விரல் அகலம் பெரிது. எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் கவனித்ததில்லை.

நீர் தெளித்ததும் குழந்தை அழுதது. வழக்கப்படி மூத்தவன் வீட்டின் கதையைச் சொல்ல வேண்டும். முன்னால் வந்து நின்றேன். "இந்த வீட்ட ஆமோஸ் கில்கிரிஸ்ட் தன் கையால கட்டினார். வழிப்போக்கர் யாரும் இந்த வாசலேர்ந்து வெறுங்கையாத் திரும்பினதில்ல," என்று சொன்னேன். 'ஒரு சொட்டு போனதில்ல' என்ற மூன்றாவது வாக்கியம் நாக்கு வரை வந்து நின்றுவிட்டது.

"மிச்சத்தையும் சொல்லுடா," என்றாள் லுவெல்லா.

"அவங்களுக்குச் சாராயம் வித்தார்," என்றேன். "இந்தப் பலகையில வச்சு."

யாரும் சிரிக்கவில்லை. நியூவர்க் ஊரிலிருந்து வந்த என் தங்கை மகன் மட்டும் தன் கையை மெல்லப் பலகையிலிருந்து எடுத்தான். நான் அவனையே பார்த்தேன். அவன் திரும்ப வைத்துக்கொண்டான். போதகர் ஆமென் சொன்னார்.

எல்லோரும் வெளியே போன பிறகு டார்லா ஏணியோடு வாசலில் நின்றாள்.

"கழட்டிடவா, மிஸ்டர் கில்கிரிஸ்ட்?"

நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெயர்ப் பலகை இடது பக்கம் சற்றுச் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏறி நேராக்கு," என்றேன். "எங்க பேரு கோணலாத் தொங்கக் கூடாது."

அவள் ஏறினாள். நான் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.