மேட்டின் மேல் மேட்

காருக்கு மேட் விற்று, அளவு பார்த்து மாட்டிக் கொடுப்பது என் தொழில். என் கடையில் ஒரு சட்டம் உண்டு. புது மேட் போடும் முன் பழையதை எடுத்துவிட வேண்டும். இப்போது வரும் கார்களில் டிரைவரின் காலடியில் இரண்டு கொக்கிகள் இருக்கும். மேட்டின் துளை அதில் மாட்டினால்தான் மேட் நகராது. மேட்டின் மேல் மேட் போட்டால் கொக்கி எட்டாது. மேலே கிடப்பது மெல்ல மெல்ல முன்னே வழுக்கிப் போய் ஆக்ஸிலேட்டரின் மேல் ஏறிக்கொள்ளும். அக்கா வீட்டு வாசலில் இரண்டு மிதியடிகள் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால்கூட, மேலே இருப்பதை உருவி எறிந்துவிட்டுத்தான் உள்ளே போவேன். "வந்துட்டாருய்யா இன்ஸ்பெக்டர்" என்பாள்.

அந்தச் சட்டத்தை ஒரே ஒரு முறை மீறினேன், அக்காவின் காரில்.

கார் வந்த நாலாம் நாள் அவளும் அத்தானும் கடைக்கு வந்தார்கள். அவள் ஓரம் தூக்கிய ரப்பர் மேட்டை எடுத்தாள். "கழுவி உதறிப் போட்டுக்கலாம்டா." அத்தான் பஞ்சு வைத்துத் தைத்த தடிமன் மேட்டைக் காட்டினார். "ரப்பரப் போட்டா லாரி மாதிரி இருக்கும்." அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் சொன்னால் அந்த வீட்டில் அப்படித்தான். அக்காவுக்கு போன் வந்தது, வெளியே போனாள்.

நான் மண்டியிட்டு, காரோடு வந்த மேட்டை உருவத் தொடங்கினேன். அத்தானின் ஷூ என் மணிக்கட்டின் மேல் வந்து நின்றது.

"அத எதுக்குப் பிடுங்குற? கம்பெனி மேட் அழுக்காகக் கூடாதுன்னுதான இத வாங்குறேன். மேலயே விரி."

"கொக்கி மாட்டாது அத்தான். பெடல்ல சிக்கும்."

"மேட் விக்கிறவன் மேட்ட வித்தாப் போதும் மச்சான். எனக்கு டிரைவிங் சொல்லித் தராத."

ஷூ நகரவில்லை. நான் சிரித்தேன். அவரிடம் எல்லாரும் சிரிப்போம். விரித்தேன்.

மேட் விரித்த பதினாறாம் நாள், அலுவலகத்தில் கார் நிறுத்துமிடத்தில் அக்கா மிதித்த பெடல் திரும்பி வரவில்லை. கார் தூணில் மோதி, அங்கிருந்து சுவரில் போய் நின்றது. அவளுடைய வலது கணுக்கால் இரண்டாக உடைந்திருந்தது. காரை இழுத்துப் போன மெக்கானிக், பெடலின் மேல் ஏறிக் கிடந்த மேட்டையும் அதற்கு அடியில் இருந்த இன்னொன்றையும் படமெடுத்து அவளுக்கே அனுப்பியிருக்கிறான்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அத்தான் கடைக்கு வந்தார். ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்.

"யாரு போட்டதுன்னு கேக்குறா. நீயாப் போட்ட. எனக்குத் தெரியாது. புரியுதா?"

"நீங்க சொல்லித்தான போட்டேன்."

முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவதில் மேட் சுருளின் மேல் போய் விழுந்தேன். உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. எழுவதற்குள் விலாவில் மிதித்தார். பிறகு சட்டையைப் பிடித்து இழுத்துப்போய், மேட் மாட்டக் கடைக்குள் விட்டிருந்த ஒரு காரின் கதவிடுக்கில் என் வலது கையின் சுண்டுவிரலை மட்டும் வைத்தார். அளவெடுக்கும் கை, வெட்டும் கை. இந்தக் கை போனால் கடை போச்சு. அது அவருக்கும் தெரியும்.

"சொல்லுவியா?"

"அவகிட்ட பொய் சொல்ல மாட்டேன் அத்தான்."

கதவைச் சாத்தினார். சுண்டுவிரலிலிருந்து குச்சி முறிகிற சத்தம் வந்தது.

"இன்னும் நாலு இருக்கு."

மறுபடி சாத்தினார். மோதிர விரல். கதவு மூன்றாம் முறை திறந்தபோது, "சொல்றேன்" என்றேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்திச் சட்டையைத் தட்டிவிட்டார். "இத மொதல்லயே சொல்லிருக்கலாமில்ல?"

விரல்களுக்குக் கட்டுப் போட்டதும் அவரே என்னை ஆஸ்பத்திரியில் இருந்த அக்காவிடம் அழைத்துப் போனார். காலில் கம்பி மாட்டிப் படுத்திருந்தாள்.

"யாருடா மேல போட்டது?"

"நான்தான்க்கா. நானாத்தான் போட்டேன்."

"பாத்தியா உன் தம்பி பண்ண வேலைய?" என்றார் அத்தான். "நானும் கவனிக்கல."

அக்கா என்னையே பார்த்தாள். "கையில என்ன?"

"கார் கதவு."

"ரெண்டு விரல் மட்டும் எப்படிடா மாட்டும்?"

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"வாசல்ல மிதியடி கெடந்தாலே உருவி எறியறவன், என் கார்ல மட்டும் நீயா ரெண்டு போட்டியாக்கும்." அத்தான் பக்கம் திரும்பினாள். "என்னங்க, தலகாணி சரிஞ்சிருச்சு. கொஞ்சம் தூக்கி விடுங்க."

அவர் குனிந்தார். அக்கா தலைமாட்டிலிருந்து எடுத்த, தண்ணீர் நிரம்பிய ஸ்டீல் பாட்டில் அவர் புருவத்தில் இறங்கியது. எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவர் நிமிர்வதற்குள் மூக்கில் இன்னொன்று. போர்வையெல்லாம் ரத்தம். அவர் ஒரு கையால் அவள் கழுத்தைப் பிடித்தார். நான் இடது கையால் அவர் தலைமுடியைப் பற்றிப் பின்னால் இழுத்துக் கட்டில் கம்பியில் மோதினேன். அவர் சரிந்து உட்கார்ந்தார். நர்ஸும் வார்டுக்காரரும் ஓடி வந்து அவரை வெளியே இழுத்துப் போனார்கள்.

அக்கா மூச்சு வாங்கினாள். பாட்டில் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"இப்பச் சொல்லு."

"மேலயே விரின்னாரு. பெடல்ல சிக்கும்னு சொன்னேன். கேக்கல."

"சிக்கும்னு தெரிஞ்சும் விரிச்ச."

"விரிச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. பதினாறு நாள்."

"சொல்லல."

"கிட்ட வா."

போனேன். குனிந்தேன்.