வேறு வாயிலிருந்து வந்த ஆங்கிலம்

மிர்ட்டோ தட்டைத் துடைத்தபடி அந்த வாக்கியத்தைச் சொன்னபோது ஹரிக்லியா குழாயை மூட மறந்து நின்றாள். மகளுக்கு ஆங்கில வாய்மொழித் தேர்வு அடுத்த மாதம். மத்தியானச் சாப்பாடு முடிந்து கை காயும்வரை வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான் என்பது ஹரிக்லியா போட்ட சட்டம். நேற்று ஏன் இருட்டிய பிறகு வந்தாய் என்று தேர்வாளர் குரலில் கேட்டிருந்தாள். மகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், திட்டாதே என்பதற்கு ‘கிவ் அவுட்’ போட்டாள், வழியில் தாமதமாகிவிட்டது என்பதற்கு ‘ஹெல்ட் அப்’ போட்டாள், அடுத்த தட்டை எடுத்துக்கொண்டாள்.

“‘கிவ் அவுட்’னா பங்கு போட்டுக் குடுக்கறது. திட்டறதுக்கு ‘டெல் ஆஃப்’. எத்தனை வருஷமாச் சொல்லிக்குடுக்கறேன்?”

“அங்கெல்லாம் இப்படித்தாம்மா சொல்றாங்க.”

“எங்கெல்லாம்?”

“ஏதோ சீரியல்ல கேட்டேன். விடும்மா.”

தப்பு அவளை உறுத்தவில்லை. தப்புகளைத் திருத்தித்தானே அவள் பிழைப்பே ஓடுகிறது. கிரேக்க நாட்டுச் சிற்றூரான கர்தித்சாவில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அவளுடைய டியூஷன் பள்ளியில்தான் ஆங்கிலம் படித்தார்கள். வினைச்சொல்லுக்குப் பின்னால் தொங்குகிற குட்டிச் சொல்லை அவள் வால் என்பாள். ஒரே ‘புட்’தான், ‘ஆஃப்’ ஒட்டினால் தள்ளிப்போடுவது, ‘ஆன்’ ஒட்டினால் உடுத்துவது, ‘அப் வித்’ ஒட்டினால் சகித்துக்கொண்டு கிடப்பது. சுவர் முழுக்க கலர் கலராக வால்கள் எழுதி ஒட்டி, கோரஸாகச் சொல்லவைப்பாள். பிள்ளைகள் ஒப்பிப்பார்கள், எழுதுவார்கள், பாஸும் செய்வார்கள். ஆனால் பேச்சென்று வந்தால் வாலுக்கு முன்னால் எல்லோரும் இமைப்பொழுது தடுக்குவார்கள், எந்த வாலென்று தேடுவார்கள். உள்ளதைச் சொல்வதென்றால் ஹரிக்லியாவே தடுக்குவாள். ஆறு வயதிலிருந்து முன்வரிசையில் உட்கார்ந்த மிர்ட்டோவும் போன வருஷம்வரை தடுக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

இன்று தடுக்கவில்லை. கொட்டாவி மாதிரி தானாக வந்தது. இது என் வாயிலிருந்து போனதில்லை என்று ஹரிக்லியாவுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. கணவன் சட்டையில் வேறு வீட்டு சோப்பு வாசனை அடித்தால் ஒருத்திக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

கணவன் அபோஸ்தொலிஸிடம் சொன்னாள். சைக்கிள் கடைக்காரனுக்கு உலகத்தில் எல்லாமே காற்றடித்தால் சரியாகிவிடும்.

“பொண்ணு நல்லாப் பேசறா. சந்தோஷப்படுவியா, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியே!”

“யாரோ சொல்லிக்குடுக்கறாங்க அவளுக்கு.”

“குடுக்கட்டுமே. உனக்கு வேலை மிச்சம்.”

இவனிடம் போய்ச் சொன்னேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த யாரோ யாரென்று சனிக்கிழமை ரொட்டிக்கடையில் தெரிந்தது. வரிசையில் அவளுக்கு முன்னால் ஆர்கிரோ நின்றிருந்தாள், கையைப் பிடித்தபடி நான்கு வயது மகள் ஐரிஸ். ஆர்கிரோ ஹரிக்லியாவின் பழைய மாணவி. அயர்லாந்தில் கார்க் நகரத்துக்குப் போய், அங்கேயே கல்யாணம் கட்டி, அது முறிந்து, குழந்தையோடு திரும்பி வந்தவள். வந்தவள் சும்மா இருந்தாளா? பின்தெருவில் டியூஷன் பள்ளி திறந்தாள். சுவரில் ஒரு தாள் கிடையாது, பிள்ளைகள் தரையில் உருண்டு அரட்டை அடிக்கிறார்களாம். ஹரிக்லியாவின் சாயங்கால வகுப்பு அங்கே கரைந்துகொண்டிருந்தது. வாங்கித் தந்த வளையரொட்டி போதாதென்று ஐரிஸ் கத்த, ஆர்கிரோ அதட்ட, குழந்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பதிலுக்குச் சீறியது. ‘கிவ் அவுட்’ பண்ணாதே மம்மி! மிர்ட்டோ சொன்ன அதே வார்த்தை, அதே இழுப்பு, கடைசியில் குரல் மேலே போகும் அதே திமிர்.

“டீச்சர், ரொட்டிய வாங்காமப் போறீங்களே!” என்று கடைக்காரி ஃப்ரோஸோ பின்னாலிருந்து கூப்பிட்டாள். ஹரிக்லியா அதற்குள் தெருமுனை தாண்டியிருந்தாள்.

மகளிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளே என்ற பயம். சோறு பரிமாறினாள், தேர்வாளர் குரலில் கேள்வி கேட்டாள், பதிலில் வந்த ஒவ்வொரு வாலையும் இது என்னுடையது, இது அவளுடையது என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடையதுதான் அதிகம். எல்லாம் அழகாகவும் இருந்து தொலைத்தது. என் வயிற்றில் பிறந்ததை என் கண்ணெதிரிலேயே ஒருத்தி எடுத்துக்கொண்டு போகிறாளே என்று ராத்திரி தலையணையைக் குத்தினாள்.

ஜூன் முடியும் சமயம் முடிவு வந்தது. வாய்மொழியில் மிர்ட்டோதான் ஊரிலேயே முதல். தேறிய பிள்ளைகளின் படத்தைப் பள்ளி வாசல் கண்ணாடியில் ஒட்டுவது அங்கே எல்லா டியூஷன்காரர்களும் செய்வது. ஹரிக்லியா மகள் படத்தை நடுவில் பெரிதாக ஒட்டினாள். ஒட்டியதிலிருந்து நிம்மதி இல்லை. ஆர்கிரோவும் இதே படத்தை ஒட்டிவிட்டால்? இங்கிலீஷ் டீச்சர் மகளே என்னிடம்தான் படித்தாள் என்று ஊருக்குக் காட்டிவிட்டால்? காய் வாங்கப் போகிற சாக்கில் சைக்கிளில் பின்தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆர்கிரோவின் பள்ளிக் கண்ணாடியில் வேறு பிள்ளைகள் சிரித்தார்கள், மிர்ட்டோ இல்லை. அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். இன்னும் எரிந்தது. விட்டுக்கொடுக்கிறாளாம்! எனக்கு விட்டுக்கொடுக்க இவள் யார்?

ஜூலை முதல் தேதி ஆர்கிரோவின் பெயர்நாள். அவள் பேருக்குரிய புனிதர்களின் திருநாள். பெயர்நாளுக்கு அழைப்பு கிடையாது. கதவு திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் போகலாம், வந்தவர் யாரானாலும் இனிப்பு கொடுத்தாக வேண்டும். ஹரிக்லியா தலை சீவி, பச்சைக் கவுன் போட்டு, ஒரு பெட்டி பலகாரம் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். சபையில் வைத்தே கேட்டுவிடுவது என்று முடிவு: என் பிள்ளைக்கு எனக்குத் தெரியாமல் பாடம் எடுத்தாயா, இல்லையா?

“டீச்சர்! நீங்களா!” ஆர்கிரோவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆட்களை நகர்த்தி நல்ல நாற்காலியில் உட்காரவைத்தாள். சுவரோரமாக வரிசையாக விருந்தாளிகள். பக்கத்து நாற்காலியில் ரொட்டிக்கடை ஃப்ரோஸோ.

“வாங்க டீச்சர். இனிமே வீடு வெறிச்சோன்னு இருக்குமே உங்களுக்கு. செப்டம்பர்ல கிளம்பறாளாமே மிர்ட்டோ! கார்க்ல ஆர்கிரோவோட பழைய மாமியார் வீட்டு மாடியிலதான் தங்கப்போறாளாம்? பரவாயில்ல, தெரிஞ்ச இடம்.”

“ஆமா,” என்றாள் ஹரிக்லியா. “தெரிஞ்ச இடந்தான்.”

தன் குரல் அவ்வளவு ஒழுங்காக வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. ஆர்கிரோ ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மற்றவர் காதில் விழாமல் பேசினாள்.

“உங்ககிட்ட சொல்லிட்டேன்னுதான் எங்கிட்ட சொன்னா டீச்சர். சத்தியமா.”

“எத்தனை நாளா பாடம் எடுக்கறே?”

“பாடமா? நான் ஒண்ணுமே சொல்லிக்குடுக்கலையே. ஐரிஸைப் பாத்துக்க வருவா, அவ்வளவுதான். ரெண்டும் விளையாடும், சண்டை போடும், எங்ககூடவே சாப்பிடும். அப்படியே பேசிப் பேசி வந்துடுச்சு.”

“பாடம் எடுத்திருந்தாக்கூட தாங்கியிருப்பேன்டி,” என்றாள் ஹரிக்லியா.

ஆர்கிரோ அவள் கையைத் தொட வந்தாள். ஹரிக்லியா கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். எடுத்துப்போனது ஆங்கிலம் மட்டும் என்றுதானே இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தாள். பிள்ளை சாப்பிட்ட சாப்பாடு இங்கே, சிரித்த சிரிப்பு இங்கே, ஊரைவிட்டுப் போகிற யோசனையும் இந்த வீட்டு மேஜையில்தான் பேசி முடிந்திருக்கிறது. ரொட்டிக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியவில்லை. கேட்க வந்த கேள்வி எவ்வளவு சின்னதாகிவிட்டது!

சமையலறைக் கதவு திறந்தது. இடுப்பில் ஏப்ரனோடு மிர்ட்டோ வந்தாள், இரண்டு கையிலும் பெரிய தட்டு. சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் பாகில் ஊறிய செர்ரி, பக்கத்திலேயே கரண்டிகளும் தண்ணீர்க் குவளைகளும். பெயர்நாளில் தட்டு ஏந்துவது அந்த வீட்டுப் பெண்ணின் வேலை. வரிசையின் முதல் நாற்காலியிலிருந்து தொடங்கினாள். கண்ணெல்லாம் குவளைகள் மேல், ததும்பிவிடாமல். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து அதே வார்த்தை, அதே புன்னகை.

“எடுத்துக்கோங்க.” ஒரு கிழவர் எடுத்தார்.

“எடுத்துக்கோங்க.” அவர் மனைவி எடுத்தாள்.

பச்சைக் கவுனுக்கு முன்னால் குனிந்தாள். “எடுத்துக்கோங்க.”

கை நீளவில்லை என்று நிமிர்ந்தாள். குவளைகள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன.

“அம்மா... நான் சொல்லணும்னுதான்...”

ஹரிக்லியா ஒரு கிண்ணத்தை எடுத்தாள். செர்ரியை வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். தண்ணீரைக் கடைசி மடக்குவரை குடித்தாள். விருந்தாளிகள் செய்கிறபடி கரண்டியைக் காலிக் குவளைக்குள் போட்டு, கிண்ணத்தையும் குவளையையும் தட்டிலேயே திரும்ப வைத்தாள். ஆர்கிரோ பக்கம் திரும்பி, விருந்தாளிகள் சொல்கிற அதே சொல்லைச் சொன்னாள்.

“பல்லாண்டு வாழணும்.”

மிர்ட்டோ நின்ற இடத்திலேயே நின்றாள்.

“நகரும்மா,” என்றாள் ஹரிக்லியா. “அவங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

தட்டு ஃப்ரோஸோவின் முன்னால் போய் நின்றது. காலிக் குவளைக்குள் கரண்டி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.