நல்ல காதின் பக்கம்

நான் கிட்னி கேட்டால்கூட என் கணவர் யோசிக்காமல் கொடுத்துவிடுவார். கார் சாவியைக் கேட்டால் மட்டும் முகம் சுண்டிப்போகும்.

அது ஒரு பழைய டீசல் கார். எங்கள் மூத்த மகளைவிட அதற்கு வயது அதிகம். கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் புது வண்டிக்கு மாறிவிட்டார்கள். இவர் இன்னும் அதில்தான் தினமும் போய்வருகிறார். காலையில் சாவியைப் பாதி திருப்பிவிட்டு, இன்ஜின் உள்ளே சூடேறி ஹீட்டர் விளக்கு அணைகிறவரை கைகட்டி உட்கார்ந்திருப்பார். நான் புடவை மாற்றி வருவதற்குள் பத்து தடவை குரல் கொடுக்கிற மனிதர், அந்த விளக்குக்கு முன்னால் அப்படி ஒரு பொறுமைசாலி. இன்ஜின் கடகடவென்று கிளம்பியதும் தலையைச் சாய்த்துக் கேட்பார். "மூணாவது இன்ஜெக்டர் லேசா தட்டுது" என்பார். எனக்கு மொத்த வண்டியும் தட்டுவதாகத்தான் கேட்கும்.

மின்சார மீட்டர்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஆபீசில் நாள் முழுக்க முள்ளையும் எண்ணையும் உற்றுப் பார்க்கிறவர், தன் காரில் எந்த முள்ளையும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். காதாலேயே ஓட்டுவார். பெல்ட் தளர்ந்ததா, டீசலில் தண்ணீர் கலந்ததா, எல்லாம் காது சொல்லிவிடும்.

அவர் ஆபீசுக்குப் போகிற வழியில்தான் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி. மருந்து கவுன்டரில் என் வேலை. போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். எங்கள் இரண்டு பேருக்கென்று இருந்தது அந்த நேரம்தான். வீட்டில் மாமனார் இருக்கிறார், இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் மேலே டி.வி. இருக்கிறது. அதனால் பெரியவளின் பிடிவாதம், என் மேலதிகாரியின் அலட்டல், யார் யாரிடம் எதைச் சொல்லக்கூடாது என்பது, எல்லாம் காரில்தான். சண்டையையும் அங்கேயே முடித்துக்கொண்டு சிரித்த முகத்தோடு இறங்குவோம்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் வலது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "இனி அது வராதும்மா. இடது காதைப் பத்திரமா பாத்துக்குங்க. அதையும் அப்பப்ப வந்து டெஸ்ட் பண்ணிக்கணும்" என்றார் டாக்டர்.

கவுன்டரில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சமாளித்தேன். மாட்டிக்கொண்டது காரில். ஸ்டியரிங் வலது பக்கம், அங்கே அவர். இடது பக்கம் நான். அவர் பேசுவது முழுக்கச் செத்த காதின் மேல் போய் விழுந்தது. நல்ல காதுக்கு ஜன்னலும் ரோட்டுச் சத்தமும்தான் மிச்சம். முகத்தைத் திருப்பித் திருப்பி எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. பின் சீட்டிலும் உட்கார்ந்து பார்த்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்துப் பேச, வாடகைக் காரில் போகிற மாதிரி இருந்தது; அதிலும் பாதி கேட்கவில்லை. கடைசியில் "ம்" போட ஆரம்பித்தேன். எதற்கு "ம்", எதற்கு "சரி" என்று எனக்கே தெரியாது.

எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தபடியே அவரை விட்டு எங்கேயோ தள்ளிப் போய்க்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. அதனால் ஒருநாள் நேராகவே கேட்டேன்.

"இனிமே நான் ஓட்டறேங்க. அப்போ என் இடது காது உங்க பக்கம் வரும்."

"இது கிளட்ச் கனம்மா. உனக்குக் கால் வலிக்கும்."

"என் தம்பி வண்டிய ஓட்டறேனே!"

"அது பெட்ரோல் வண்டி, பொம்மை மாதிரி. இதுல செகண்ட் கியர் போடணும்னா கொஞ்சம் கெஞ்சணும்."

"என்கிட்ட ஒரு நாளும் கெஞ்சினதில்ல. கியர்கிட்ட கெஞ்சறீங்களாக்கும்?"

சிரித்து மழுப்பினார். பிறகு, பெரிய தீர்ப்பு சொல்கிறவர் மாதிரி, "நீ எதுக்குக் கஷ்டப்படணும்? நான் வண்டிய அமைதியாக்கிடறேன்" என்றார்.

என் தம்பி சீட் கவர் கடை வைத்திருக்கிறான். அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். சீட்டுகளைக் கழற்றி வெளியே வைத்து, தரை விரிப்பை உரித்து, தார் ஷீட்டைச் சூடு காட்டி உருளையால் அழுத்தி ஒட்டினார்கள். இன்ஜினுக்கும் நமக்கும் நடுவே இருக்கிற தகட்டில் கனமான கம்பளி ஃபெல்ட். கதவுகளுக்குப் புது ரப்பர். இன்ஜினைத் தாங்குகிற, கல்லாக இறுகிப்போன ரப்பர் மவுண்டிங்குகளையும் மாற்றினார்கள். "மாமா, வண்டிக்கு ஸ்வெட்டர் போட்டு விடறீங்களா?" என்று தம்பி கிண்டல் செய்தான். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. முட்டியெல்லாம் கரியாக, கதவுக்குள் கையை விட்டபடி, அவரே எல்லா மூலையையும் தடவிப் பார்த்தார். எனக்காக இப்படிப் பாடுபடுகிறாரே என்று மனசு இளகியது. இதற்குப் பதில் சாவியைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று எரிச்சலும் வந்தது.

கார் நிஜமாகவே அடங்கிப்போனது. ஆனால் டயர் சத்தமும் ஜன்னல் காற்றும் என் நல்ல காதின் பக்கம் அப்படியேதான் இருந்தன. அவர் சொன்னதில் பாதி வந்தது. மீதியை நானே இட்டு நிரப்பினேன்.

"இப்போ கேக்குதா?" என்றார். பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி முகம்.

"நல்லா கேக்குதுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம், வீடு திரும்பும் வழியில், இனிப்பு கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது. "ஏங்க, ஏதோ தீயுது" என்றேன். "ஒரு சத்தமும் இல்லையே, நல்லாத்தானே ஓடுது" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தாண்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "நிறுத்துங்க!" என்று கத்தினேன். நிறுத்தியதும் பானெட் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

மெக்கானிக்குக்குப் போன் செய்துவிட்டு ரோட்டோரமாக நின்றோம். அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. எதேச்சையாக என் இடது பக்கம் வந்து நின்றுகொண்டார். வண்டியைப் பற்றிப் புலம்பினார், பிறகு ஆபீஸைப் பற்றி, பிறகு சின்னவள் படிக்க வேண்டிய படிப்பைப் பற்றி. நானும் விடாமல் பேசினேன், மறுத்தேன், கிண்டல் செய்தேன். மெக்கானிக்கின் வேன் வளைவில் திரும்புகிறவரை பேச்சு நிற்கவில்லை.

அவர் சட்டென்று என்னைப் பார்த்தார். "காருல மட்டும் ஏன் இப்படிப் பேசமாட்டேங்கற?"

"இப்போ நீங்க நல்ல காதுப் பக்கம் நிக்கறீங்க."

"அன்னிக்கு நல்லா கேக்குதுன்னியே?"

"அவ்ளோ வேலை பாத்துட்டு வந்து கேட்டா எப்படிங்க இல்லன்னு சொல்றது?"

வேன் வந்து நின்றது. அவர் கயிறு கட்ட உதவப் போனார்.

பட்டறையில் மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார். "நல்ல வேளை சார், இன்ஜின் தப்பிச்சுது. தண்ணி பம்ப் பேரிங் போயிருக்கு. ஒரு வாரமாவது கத்தியிருக்கும். காதுல பஞ்சு வச்சுக்கிட்டா ஓட்டினீங்க?" ஃபெல்ட்டைத் தட்டிக் காட்டினார். "ஒண்ணு இதைப் பிச்சு எடுங்க. இல்ல, முள்ளப் பாத்து ஓட்டக் கத்துக்குங்க."

என் கணவர் பானெட் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "பிச்சுடுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை நாள் எனக்காக ஒட்டியது, வண்டிக்கு ஒன்று என்றதும் ஒரு வார்த்தையில் போய்விட்டது. இது கார் இல்லை, என் சக்களத்தி என்று நினைத்துக்கொண்டேன். அழக்கூடாது என்று சுவரில் மாட்டியிருந்த பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரண்டு பேரும் வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போனோம். புது பம்ப், புது பெல்ட். ஃபெல்ட் ஒரு மூலையில் சுருட்டிக் கிடந்தது. நான் வழக்கம்போல் இடது பக்கக் கதவுக்குப் போனேன். அங்கே அவர் ஏற்கெனவே உட்கார்ந்து சீட் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். சாவி டிரைவர் சீட்டின் மேல் கிடந்தது.

"என்ன பாக்கற? ஏறு. நீ முள்ளப் பாரு, நான் சத்தத்தக் கேக்கறேன்."

சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். விளக்கு அணையக் காத்திருந்து ஸ்டார்ட் செய்தேன். பழையபடி காட்டுக் கத்தல். கிளட்ச் கனம்தான், அவர் சொன்னது பொய்யில்லை. செகண்ட் கியர் போட்டபோது கர்ரென்று பல்லைக் கடித்தது. அவர் கண்ணை மூடிச் சீட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மெயின் ரோட்டுப் பாலத்துக்கு வந்ததும் என் பக்கம் சாய்ந்தார். ரோட்டைப் பார்க்கிற வேலை இல்லாததால் முழுசாகவே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"இடது காத டெஸ்ட் பண்ண டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னிக்கு இங்கதான், இந்தப் பாலத்துமேல, உன்கிட்ட ஒண்ணு கேட்டேன். நீ சரின்னுட்டே."

அத்தனை இரைச்சலிலும் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது.

"என்ன கேட்டீங்க?"

"அந்தக் காதும் போயிடுச்சுன்னா நான் யார்கிட்ட பேசறதுன்னு கேட்டேன்."

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. இத்தனை மாதமாக இந்த "சரி"யை நெஞ்சில் வைத்துக்கொண்டா இந்த மனிதர் தார் ஷீட் ஒட்டினார்? பிறகு ரோடு கலங்கித் தெரிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

"எனக்கு அது கேக்கவே இல்லைங்க."

"தெரியுது. நேத்துத்தான் புரிஞ்சுது."

"வேற என்னெல்லாம் சொன்னீங்க? நான் எதுக்கெல்லாம் சரின்னேன்?"

அவர் மழைக்காலத்திலிருந்து ஆரம்பித்தார். சிலது வெறும் ஆபீஸ் கதை, சிலது எனக்குக் கோபம் வரக்கூடியது, சிலதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. எங்கள் தெரு வந்தது, வீட்டுக் கேட்டும் வந்தது. நான் நிறுத்தாமல் அடுத்த தெருவுக்குள் திருப்பினேன். அவரும் ஏன் என்று கேட்காமல் பேசிக்கொண்டே வந்தார்.