பாதியில் நின்ற சக்கரம்

காமெனின் முகத்தைப் பார்த்து இதுவரை யாரும் எதையும் தெரிந்துகொண்டதில்லை. பசார்ஜிக் ஊர்ச் சந்தையில் திருகாணி, கீல், தண்ணீர்க்குழாய் விற்கிறவர். அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் அதே முகம், கேட்டதற்கு மேல் கொடுத்தாலும் அதே முகம். எதிரில் நிற்கிறவன் கொஞ்ச நேரம் அதைப் படிக்கப் பார்ப்பான், தலைவலி வந்ததும் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவான். கடை தீப்பிடித்தால்கூடப் புகை என்ன விலைக்குப் போகும் என்றுதான் காமென் யோசிப்பார் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

அதனால் தம்பி லியூபென் செத்தபோது அவர் அழாததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். வந்தவர்களுக்கு ராக்கியாச் சாராயம் ஊற்றினார். தம்பியின் படம் போட்ட மரண அறிவிப்புத் தாள்களை வீட்டுக் கதவிலும் மின்கம்பத்திலும் ரிமோட் விமான கிளப்பின் தகரக் கொட்டகையிலும் மூலை பிசகாமல் தானே ஒட்டினார். படத்தில் லியூபென் கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வருகிறேன் என்று சொன்ன சரக்கு லாரிக்குக் காத்திருப்பதுபோல, உள்ளே ஏதாவது வரும் என்று காமென் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அது போன வருடம் சித்திரையில்.

வீடு இரண்டு தட்டு. கீழே காமென் தனியாக. அவர் மனைவி ஸ்பெயினுக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறொரு வாழ்க்கையைக் கண்டுபிடித்துக்கொண்டவள். மேலே லியூபெனும் அவன் மனைவி டோன்காவும். இப்போது டோன்கா மட்டும். அவளுடைய சமையலறைக்கு நேர் கீழே கராஜ். அந்தக் கராஜில்தான் அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த ரிமோட் விமானம் இருந்தது. பழைய போர் விமானத்தின் சாயலில், இரண்டு கைகளையும் விரித்தாலும் எட்டாத இறக்கை, மூக்கில் சின்னப் பெட்ரோல் எஞ்சின். பறக்கும்போது சக்கரக் கால்கள் மடங்கி வயிற்றுக்குள் போய்விடும். இறங்கும்போது வெளியே வரும். ஒவ்வொரு காலுக்கும் ஒரு குட்டி மின்மோட்டார்.

விமானம் செய்ய எடுத்த நாளைவிட அந்தக் கால்களுக்கு எந்த பேட்டரி என்று சண்டை போட்ட நாள்தான் அதிகம்.

"அண்ணே, காலுக்குத் தனி பேட்டரி. இதுல பேச்சே கிடையாது" என்பான் லியூபென்.

"ஒரு வண்டிக்கு எதுக்குடா ரெண்டு டேங்க்? ரெண்டு பேட்டரின்னா ரெண்டு சுவிட்ச், ரெண்டு வயர், ரெண்டு மறதி."

"மேல போய் ஒரு கால் சிக்கிக்கிச்சுன்னு வை. மோட்டார் முக்கி முக்கிக் கரண்ட இழுக்கும். ரிமோட் சொல்றதக் கேக்குற ரிசீவரும் அதே பேட்டரில தொங்கிக்கிட்டிருந்தா அதுவும் மயங்கிரும். அப்புறம் நீ ரிமோட்டக் கையில வச்சுக்கிட்டு ஜெபம் பண்ண வேண்டியதுதான்."

"சரி, தனியாவே வை. என்கிட்ட சாதா லித்தியம் ஒரு பெட்டி கிடக்கு."

"அது முழுசா நிறைஞ்சா இந்த மோட்டார் தாங்காது. நடுவுல வோல்டேஜக் குறைக்க ஒரு டப்பா வைக்கணும். அந்த டப்பா எப்பப் புட்டுக்கும்னு யாரு கண்டா?"

"அப்ப பழைய நிக்கல்?"

"குளிர்ல அது நம்ம நகராட்சி மாதிரி. வேலை நடக்காது. சும்மா வச்சாலும் தானா வடிஞ்சிரும்."

கடைசியில் லித்தியம் இரும்பு பேட்டரி என்று முடிவானது. முடிவானது என்றால், காமென் பதில் சொல்லுமுன் லியூபென் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"இத நேராவே மாட்டலாம். மாசக்கணக்கா வச்சாலும் நிறைச்சது நிறைச்சபடி இருக்கும். ஒரே ஒரு குணம்தான் கெட்டது. அப்படியே நீதான்."

"என்னடா அது?"

"மீட்டர் வச்சுப் பாத்தா கடைசி வரைக்கும் ஒரே முகம். நிறைஞ்சிருக்கா, காலியான்னு காட்டிக்காது. திடீர்னு படுத்துரும். அதனால மீட்டர நம்பாத. பறக்கப் போறதுக்கு முன்னாடி சார்ஜர்ல போட்டு எவ்வளவு குடிக்குதுன்னு பாரு. அதுதான் உண்மை."

அன்றைக்கே அவன் அதை முழுக்க நிறைத்து, மூடியைத் திருகி வைத்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் பறப்பு என்று பேச்சு. சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கப் போனவன் கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு காமென் சந்தை முடிந்து வந்ததும் கராஜுக்குப் போவார். பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். விமானம் மரத்தாங்கியில் இருக்கும். ரிமோட்டில் சுவிட்சைத் தட்டுவார். ஈ என்று ஒரு சத்தம், பிறகு டக். கால்கள் மடங்கிவிடும். மறுபடி தட்டுவார். ஈ, டக். நீண்டுவிடும். இடது கால் எப்போதும் ஒரு நொடி தாமதமாக வரும். 'சோம்பேறிக் கால்' என்று லியூபென் அதற்குப் பெயர் வைத்திருந்தான். காமென் அந்தத் தாமதத்துக்காகவே காத்திருப்பதுபோல உட்கார்ந்திருப்பார். எதையும் நினைக்கமாட்டார். கை தட்டும், கால் மடங்கும், அவ்வளவுதான். இதுவும் ஒரு துக்கம்தான் என்று யாராவது சொல்லியிருந்தால், கராஜ் குளிர்கிறது என்று பேச்சை மாற்றியிருப்பார்.

ரிமோட்டையும் ரிசீவர் பேட்டரியையும் அவ்வப்போது சார்ஜரில் போட்டார். கால் பேட்டரியை மட்டும் தொடவில்லை. அதில் இருந்தது லியூபென் நிறைத்தது. அதன்மேல் இன்னொன்றை ஊற்றக் கை போகவில்லை. ஏன் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவுமில்லை.

குளிர் விட்டு செர்ரி பூத்த சமயத்தில் டோன்கா மாடியிலிருந்து இறங்கி வந்து கராஜ் வாசலில் நின்றாள்.

"பெரியத்தான், வருஷ நினைவு நாள் வருது. கோதும அவிச்சு கிளப்புக்கே கொண்டு வர்றேன். அன்னிக்கு இது ஒரு தடவ பறக்கட்டும். அவரு கண்ணால பாக்கவே இல்ல."

"சரி."

"அப்புறம் மாடிக்குக் கொண்டு வந்திருங்க. கூடத்துல தொங்கவிடலாம்."

காமெனின் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. கராஜில் விமானம் இருந்த இடத்தைப் பார்த்தார். அது போய்விட்டால் அங்கே தாங்கியும் பீர்ப் பெட்டியும்தான் மிஞ்சும்.

"உடைஞ்சா?"

"உடைக்காமக் கொண்டு வாங்க."

"காத்துல விடுறது டோன்கா. அதுக்கு யாரு கேரண்டி தருவா?"

"சந்தைல நீங்க யாருக்கும் தராத கேரண்டி ஒண்ணு பாக்கி இருக்குல்ல? அத எனக்குத் தாங்க."

அவரிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. டோன்கா ஜெயித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கிளப் மைதானம் நெல்வயல்களுக்கு நடுவே ஒரு புல் பட்டை. ஓரத்தில் வரிசையாகப் பாப்ளர் மரங்கள், அந்தப் பக்கம் மாட்டுக்குப் போடும் குதிரைமசால் முழங்காலளவு நின்றது. டோன்கா கறுப்பு உடையில், சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைக் காகிதக் கோப்பைகளில் கொடுத்தாள். வாங்கியவர்கள் "ஆண்டவன் அவனை மன்னிக்கட்டும்" என்றார்கள். ராக்கியாவில் முதல் சொட்டைத் தரையில் ஊற்றிவிட்டு மிச்சத்தைக் குடித்தார்கள். கிளப் தலைவர் ஸ்டாமாட்டுக்கு மட்டும் மிச்சம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஆயுள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காதில் ரகசியம் சொன்னாலும் கடைசி சீட்டுக்குக் கேட்கும்.

"காமென், கால் பேட்டரியப் பாத்தியா?"

"மீட்டர் வச்சேன். ஆறரை வோல்ட்டுக்கு மேல காட்டுது."

"சார்ஜர்ல போட்டியா?"

"லியூபென் நிறைச்சு வச்சது. அதுக்கப்புறம் இது பறக்கவே இல்லையே."

"அப்பச் சரி. போ, போ. கிளப்போட மானம் உன் கையில. கை நடுங்குச்சுன்னா என்கிட்ட குடு, என் கை இன்னும் மோசம்."

விமானம் புல்லில் ஓடி, வாலைத் தூக்கி, எழுந்தது. காமென் சுவிட்சைத் தட்டினார். கால்கள் மடங்கின. கால் தெரியாத வயிற்றோடு அது வெயிலில் திரும்பியபோது பின்னால் யாரோ கைதட்டினார்கள். "பாத்துட்டுத்தான் இருப்பான்" என்றார் ஸ்டாமாட். காமெனின் விரல்கள் வேலை பார்த்தன. இவ்வளவு அழகாகப் பறக்கிறதே, இப்போதாவது ஏதாவது தோன்றவேண்டும் என்று நினைத்தார். கட்டைவிரலில் காற்றின் தள்ளல் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

தலைக்கு மேலே தாழ்வாக ஒரு முறை ஓட்டிக் காட்டிவிட்டு, இறக்கலாம் என்று சுவிட்சைத் தட்டினார்.

வலது கால் முக்கால்வாசி வந்து நின்றது. இடது கால் வயிற்றை விட்டு எட்டிப் பார்த்ததோடு சரி.

"பாதில நிக்குது" என்றார் ஸ்டாமாட்.

"தெரியுது."

"திரும்பத் தட்டு."

தட்டினார். கால்கள் அசையவில்லை. ஆனால் விமானம் அசைந்தது. இடப்பக்கம் திருப்பினால் திரும்பியது, தூக்கினால் எழுந்தது. ரிசீவருக்கு அதன் சொந்த பேட்டரி. காமென் கேட்டபடி எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி என்றால், இந்நேரம் அது நெல்வயல் சேற்றில் மூக்கை நட்டிருக்கும்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பறக்கவில்லைதான். ஆனால் குளிர்காலம் முழுக்க, ஒவ்வொரு சாயங்காலமும் மேலே, கீழே. அதை அவர் எந்தச் செலவிலும் சேர்த்திருக்கவில்லை. லியூபென் நிறைத்துவைத்ததை உட்கார்ந்த இடத்திலேயே குடித்துத் தீர்த்திருந்தார். மீட்டரில் அது கடைசிவரை முகம் மாறவில்லை.

"படுத்த பேட்டரி கொஞ்சம் ஓய்வு குடுத்தா ஒரு தடவ எந்திரிக்கும்" என்றார் ஸ்டாமாட், வழக்கத்துக்கு மாறாகத் தணிந்த குரலில். "ஒரே தடவதான். காலக் கீழ இறக்கிரு காமென். சக்கரத்துல வந்து நின்னாத்தான் பாக்க லட்சணம்."

காமென் சுவிட்சைத் தொடாமல் மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். பெட்ரோல் இருந்தது. பின்னால் டோன்கா நிற்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

கால்களைக் கீழே இறக்கப் பார்த்து, ஒன்று பூட்டிக்கொண்டு இன்னொன்று பூட்டாமல் போனால், தரையைத் தொட்டதும் விமானம் ஒரு பக்கமாக விழுந்து குட்டிக்கரணம் போடும். இறக்கை மிஞ்சாது. மேலே மடக்கப் பார்த்து அது கொஞ்சம் குறைந்து நின்றால், வயிறு கிழியும். ஜெயித்தால் எது அழகு என்று ஸ்டாமாட் பார்த்தார். தோற்றால் எதில் மிச்சம் இருக்கும் என்று காமென் பார்த்தார். சந்தை சொல்லிக்கொடுத்தது அவருக்கு இது ஒன்றுதான்.

"மேல மடக்கப் போறேன்."

"வயித்துலயா இறக்கப் போற? நினைவு நாள் அன்னிக்கா?"

"குதிரைமசால்ல."

"அது கிரிலோவோட வயலு. ஊர் முழுக்கக் கேக்கக் கத்துவான்."

"கத்தட்டும்."

தட்டினார். வலது கால் தயங்கித் தயங்கி வயிற்றுக்குள் போனது. இடதும் போனது, வழக்கம்போலத் தாமதமாக. சக்கரத்தின் விளிம்பு மட்டும் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. காமென் காற்றுக்கு எதிராகத் திருப்பி, வயலுக்கு மேலே எஞ்சினை அணைத்தார். சத்தம் நின்றதும் பறவைகளின் குரல் கேட்டது. விமானம் பச்சைக்குள் சரிந்து, நீளமாக ஒரு கோடு கிழித்து, பாதி சுற்றுத் திரும்பி நின்றது.

டோன்கா செருப்பு நனைய நனைய அவருக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டாள்.

"உடைஞ்சிருச்சா?"

காமென் குனிந்து பார்த்தார். "வயிறு கிழிஞ்சிருக்கு. முன்விசிறில ஒரு இதழ் போச்சு. மத்ததெல்லாம் முழுசா இருக்கு."

"என்ன ஆச்சு?"

"பேட்டரி காலி." கிழிந்த இடத்தைத் தடவினார். "நான்தான் காலி பண்ணேன். கராஜ்ல உக்காந்து, சும்மா."

"தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என் சமையலறைக்கு நேர் கீழதானே" என்றாள் டோன்கா. "சாயங்காலமானா ஈன்னு மேல, ஈன்னு கீழ. நீங்க ஆரம்பிச்சதும் நான் டிவி சத்தத்தக் குறைச்சிருவேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்க."

குதிரைமசாலில் நசுங்கிய வாசனை எழுந்தது. ஸ்டாமாட் மூச்சு வாங்க வந்து சேர்ந்து, எதையோ உரக்கச் சொல்ல வாயைத் திறந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, உடைந்த விசிறி இதழைத் தேட ஆரம்பித்தார்.

"கிழிஞ்ச வயித்தோட இதக் கூடத்துல தொங்கவிட முடியாது" என்றாள் டோன்கா.

"ஒரு வாரத்துல ஒட்டிரலாம்."

"ஒரு வாரத்துல எதுக்கு? நல்லாப் பண்ணுங்க. அவசரமில்ல."

"கேரண்டி குடுத்தேனே."

"முழுசாத்தானே வந்திருக்கு. மிச்ச வேலையக் கராஜ்லயே வச்சுக்கோங்க."

அன்று சாயங்காலம் காமென் விமானத்தை மல்லாக்கத் தாங்கியில் கிடத்தி, மூடியைக் கழற்றி, கால் பேட்டரியை சார்ஜரில் போட்டார். அதன் சின்னத் திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. ஓரளவில் நின்றுவிடும் என்று பார்த்தார். நிற்கவில்லை. ஒரு பேட்டரி எவ்வளவு குடிக்க முடியுமோ கிட்டத்தட்ட அத்தனையும் குடித்தது. அவர் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏதோ வருவதுபோல் இருந்தது. விழுங்கிப் பார்த்தார். கோதுமைச் சர்க்கரையின் தித்திப்புத்தான்.

நிறைந்ததும் மாட்டினார். இப்போது அதில் இருந்தது அவருடையது.

மேலே டோன்காவின் தொலைக்காட்சியில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். காமென் சுவிட்சைத் தட்டினார். மல்லாந்து கிடந்த விமானத்தின் வயிற்றிலிருந்து வலது கால் கூரையை நோக்கி நீண்டது. பிறகு இடது கால்.

வானிலைச் சத்தம் குறைந்தது.

அவர் மறுபடி தட்டினார்.