பஞ்சு வீட்டுக்குப் போனது

சித்தூரில் கணக்கு டீச்சராக இருந்த ஹன்னா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திருப்பதி பஸ் ஏறிவிடுவாள். சபையார் வீடுகளில் வாங்கிச் சேர்த்த பழைய பெட்ஷீட் மூட்டை கையில் இருக்கும். "மனுஷனுக்கே போத்திக்க இல்ல, நாய்க்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் கொடுப்பார்கள். அவள் வாங்கி மடித்து மூட்டையில் வைத்துக்கொள்வாள்.

திருப்பதி ஊர்க்கோடியில், ஏரியை ஒட்டிய பள்ளத்தில் இருந்தது அந்த விலங்குக் காப்பகம். மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லக்ஷ்மிநரசிம்மன் அதை நடத்தினார். வண்டியில் அடிபட்டது, சொறி பிடித்தது, வீட்டுக்காரர்களே வேண்டாமென்று விட்டது என்று எல்லாம் அங்கே வந்து சேரும். கூரை என்று தார்ப்பாய்தான். முந்தின வருஷ மழையில் ஏரித் தண்ணீர் உள்ளே புகுந்து, கூண்டிலிருந்த குட்டிகள் அத்தனையும் மூழ்கிப்போயின. அவற்றை வாரிப் புதைத்தவர்களில் ஹன்னாவும் ஒருத்தி.

கோடையில், புத்தூர் ரோட்டுப் பக்கம் ஆடு மேய்க்கும் வள்ளியம்மாள் காப்பகத்துக்குப் போன் செய்தாள். ஹன்னா காப்பக வேனில் போய்ப் பார்த்தாள். ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, புதருக்குள் ஒரு வேப்பமரத்தில் கிழட்டு லேப்ரடார் ஒன்று கட்டிக்கிடந்தது. முழம் நீளம்கூட இல்லாத நைலான் கயிறு. இழுத்து இழுத்துக் கழுத்துச் சதையை அறுத்திருந்தது, புண்ணில் புழு. எதிரே ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்திருந்தார்கள். அதில் எறும்பு மொய்த்திருந்தது.

"துன்னட்டும்னு வெச்சிட்டுப் போயிருக்கான் பாரும்மா, புண்ணியவான்" என்றாள் வள்ளியம்மாள்.

காப்பகத்தில் எல்லோரும் அதைப் 'பெரியவர்' என்று கூப்பிட்டார்கள். ஹன்னா வாராவாரம் வந்து மருந்து போட்டுப் புண்ணை ஆற வைத்தாள். பின்னங்கால்கள் மட்டும் தேறவில்லை. இழுத்து இழுத்துத்தான் நடந்தது. வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டால் போதும், தட்டில் சோறு இருந்தாலும் விட்டுவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்க்கும். யாரென்று தெரிந்ததும் மறுபடி படுத்துக்கொள்ளும்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்தூரில் கிரானைட் தொழில் செய்யும் ஸ்ரீஹரி தன் மனைவி ருக்மணியோடு காப்பகத்துக்கு வந்தார். ரேணிகுண்டா பக்கம் மேட்டில் அவருக்கு ஒரு மனை சும்மா கிடந்தது. அதைக் காப்பகத்துக்கு விட்டு, ஷெட்டும் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். லக்ஷ்மிநரசிம்மன் அன்றைக்குச் சலவை வேட்டி கட்டியிருந்தார். "மழைக்கு முன்னாடி கூரை வந்துடும் ஹன்னா. பெருமாள் கண்ணைத் தொறந்துட்டார்" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

கார் நின்றது. பெரியவர் தலையைத் தூக்கியது. இந்தத் தடவை படுக்கவில்லை. தொண்டையிலிருந்து ஹன்னா அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. பின்னங்கால்களைத் தரையில் தேய்த்துக்கொண்டு முற்றம் முழுக்க ஊர்ந்து போய், ஸ்ரீஹரியின் ஷூமேல் முகத்தை வைத்துப் படுத்தது. சந்தோஷத்தில் அங்கேயே மூத்திரம் போய்விட்டது.

ஸ்ரீஹரி காலை இழுத்துக்கொண்டார்.

"பஞ்சு!" என்று ருக்மணி கத்தினாள். "ஏங்க, நம்ம பஞ்சுங்க!"

"லேப்ரடார் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். சும்மா இரு."

"எனக்குத் தெரியாதா? நான் வளத்தது." அவள் பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஹன்னாவைப் பார்த்துச் சொன்னாள்: "பொண்ணு பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருந்தேன் டீச்சரம்மா. கேட்டு தொறந்திருந்துச்சாம், ஓடிப்போச்சாம். வந்ததுலேர்ந்து தேடாத எடமில்ல. உங்களுக்கு எங்க கெடச்சுது?"

ஹன்னா ஸ்ரீஹரியைப் பார்த்தாள். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். லக்ஷ்மிநரசிம்மனைப் பார்த்தாள். அவர் உதடு காய்ந்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன.

"ரோட்டுல சுத்திக்கினு இருந்துச்சும்மா" என்றாள். "யாரோ போன் பண்ணாங்க."

ருக்மணியின் விரல்கள் நாயின் கழுத்தில் மயிர் முளைக்காத வளையத்தைத் தடவின. ஒரு சுற்று முழுக்கத் தடவின. "இது என்ன தழும்பு?"

"காலர் இறுக்கமா இருந்திருக்கும்மா."

ருக்மணி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். பிறகு, "வீட்டுக்குக் கூட்டிக்கினு போறேன்" என்றாள்.

"வேணாம்மா. மருந்து நடந்துக்கினு இருக்குது. இங்கயே இருக்கட்டும்."

"சரி, கேக்கறாங்க இல்ல? குடுங்க" என்றார் ஸ்ரீஹரி.

இரண்டு பேர் தூக்கி அதைக் காரின் பின் சீட்டில் வைத்தார்கள். பஞ்சு ஜன்னல் வழியாக ஹன்னாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் பிடித்திருந்தவரின் தோளில் மூக்கை வைத்திருந்தது.

கார் போன பிறகு லக்ஷ்மிநரசிம்மன் மெதுவாக வந்தார். "இத்தனை ஜீவனுக்குக் கூரை வர்றதும்மா. நான் வேற என்ன பண்ணட்டும்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல சார். பொய் சொன்னது நான்."

சொன்னபடி மழைக்கு முன்பே மேட்டு மனையில் ஷெட் வந்துவிட்டது. சிமெண்டுத் தரை, தகரக் கூரை, முகப்பில் ஸ்ரீஹரியின் பேர். சித்தூரில் ஹன்னா பள்ளிக்கூடம் போகும் வழியில்தான் அவர்கள் வீடு. போகும்போதும் வரும்போதும் கேட்டுக்குள் பார்ப்பாள். போர்டிகோவில் சாக்கின்மேல் பஞ்சு படுத்திருக்கும். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்வாள்.

ஐப்பசியில் ஒருநாள் நாயும் இல்லை, சாக்கும் இல்லை. போர்டிகோவைக் கழுவி விட்டிருந்தார்கள். ஹன்னா மணியை அடித்தாள். ருக்மணி வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை, கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"பஞ்சு எங்கம்மா?"

"ஓடிப்போச்சுன்னு சொன்னாரு."

ஹன்னா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அன்னைக்கி நான் பொய் சொல்லிட்டேன். அது ரோட்டுல சுத்தல. புதருக்குள்ள கட்டிப் போட்டிருந்தாங்க."

"தெரியும். கழுத்தத் தொட்டப்பவே தெரியும்."

"அப்புறம் ஏம்மா கூட்டிக்கினு வந்தீங்க?"

"நான் வீட்ல இருந்தா செய்ய மாட்டாருன்னு நெனச்சேன். நாயுடுபேட்டையில அண்ணன் வீட்டுக் கல்யாணம். போய் வர்றதுக்குள்ள…" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க விட்டாருன்னு கேட்டீங்களா? இப்பவே போனா உயிரோட இருக்கும்மா."

"கேட்டா சொல்லிடுவாரு டீச்சரம்மா. சொன்னதுக்கு அப்புறம் நான் அவருகூட எப்படி இருக்கிறது? இந்த வயசுல எங்க போறது?" ருக்மணி உள்ளே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்களும் கேக்காதீங்க. உங்களுக்கு ஷெட்டு இருக்குது."

ஹன்னா பள்ளிக்கு லீவு போட்டு ஸ்கூட்டரில் தேடினாள். புத்தூர் ரோடு, பாலசமுத்திரம் போகும் வழி, குவாரிப் பள்ளங்கள். ரோட்டோரத்தில் எங்கே புதர் தெரிந்தாலும் இறங்கி, "பஞ்சு, பஞ்சு" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனாள். வள்ளியம்மாளும் தன் பங்குக்குத் தேடினாள். கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஷெட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. நாய்கள் நனையாமல் சுருண்டு படுத்திருந்தன. ஸ்ரீஹரி நண்பர்கள் சிலரை அழைத்து வந்து சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு" என்றார் அவர்களிடம். "ஓடிப்போச்சு. அன்னையிலேர்ந்து என் சம்சாரம் சரியாவே சாப்புடறதில்ல."

ஹன்னா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "சார், நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். எங்க விட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் போய் எடுத்துக்கிறேன்."

தகரத்தில் மழைச் சத்தம். நண்பர்களுக்குக் கேட்டதோ இல்லையோ தெரியவில்லை. ஸ்ரீஹரி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு லக்ஷ்மிநரசிம்மன் பக்கம் திரும்பினார். "ஏமண்டி, இந்தம்மா என்ன பேசறாங்க?"

லக்ஷ்மிநரசிம்மன் ஹன்னாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஹன்னா, குட்டிகளுக்குப் பால் வைக்கற நேரமாச்சு. செத்த போய்ப் பாரும்மா."

ஹன்னா போனாள். குட்டிகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன.