விரல் அசைந்த செய்தி

அண்ணனும் தம்பியும் லிஃப்ட் மெக்கானிக்குகள். ஒரே வீட்டில் கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி. அன்று ஒரு கட்டடத்தில் அண்ணன் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று கம்பிவடத்தைச் சோதித்துக்கொண்டிருந்தான். அவன் குரல் கொடுக்கும் முன்பே கீழே தம்பி மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டான். கூண்டு ஒரு குலுங்கு குலுங்கியது. அண்ணன் நாலு மாடி உயரத்திலிருந்து விழுந்தான்.

"கரண்ட் தானா வந்துடுச்சு அண்ணி," என்றான் தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில். அண்ணி அவன் முகத்தையே பார்த்தாள்.

இருபது நாளாகியும் அண்ணன் கண் திறக்கவில்லை. மலை ஆலயத்துக்குக் கூடப்பிறந்தவன் சைக்கிளிலேயே போய் வேண்டிக்கொண்டால் பலிக்கும் என்றாள் அண்ணி. ஒன்பது நாள் பாதை.

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இருக்கா, இல்லையான்னே தெரியல அண்ணி."

"நம்பிக்கை எனக்கு இருக்கு தம்பி. நீ மிதிச்சா போதும்."

முதல் இரண்டு நாள் வெயிலைத் திட்டிக்கொண்டே மிதித்தான். தொடை கல்லாய் இறுகியது. மற்ற யாத்திரிகர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனார்கள். மூன்றாம் நாள் மதியம் அண்ணி போன் செய்தாள்.

"வலது கை விரல் அசைஞ்சுது தம்பி. டாக்டரே பார்த்தார்."

சைக்கிளை அப்படியே ரோட்டோரம் போட்டுவிட்டு வாய்விட்டு அழுதான். அதன்பிறகு மேடு வந்தால் கடவுளோடு பேச்சு, இறக்கம் வந்தால் நன்றி. ஐந்தாம் நாள் அண்ணன் கண் திறந்தானாம். ஏழாம் நாள் தண்ணீர் கேட்டானாம்.

"போனை அவர் காதுல வைங்க அண்ணி."

"அசந்து தூங்குறார். நேர்ல வந்து பேசு."

எட்டாம் நாள் மழையில் சறுக்கி விழுந்து முழங்கால் பிளந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு ஏறினான். இவ்வளவு கொடுத்த சாமியிடம் பொய்யோடு போய் நிற்கக் கூடாது என்று பட்டது. ஒன்பதாம் நாள் ஆலய வாசலில் நின்று அண்ணிக்குப் போன் போட்டான்.

"அண்ணி, கரண்ட் தானா வரல. சுவிட்சைப் போட்டது நான்தான்."

"தெரியும். அந்தக் கட்டட வாட்ச்மேன் அன்னைக்கே சொல்லிட்டார்."

"அண்ணன்கிட்ட கால்ல விழுந்து..."

"நீ கிளம்பின மறுநாளே உங்க அண்ணன் போயிட்டார். எல்லாம் முடிஞ்சுது."

"அப்ப அந்த விரல்?"

"அசையல. விஷயம் தெரிஞ்சா பாதியில திரும்பி வந்து நிப்பே. உன் கை அவர் பாடையைத் தூக்கக் கூடாது. டாக்டர் கைவிரிச்சதும் அதுக்குத்தான் உன்னை அனுப்பினேன். மாடிக்கு வேற பூட்டு போட்டாச்சு. உன் துணிமணியெல்லாம் உங்க லிஃப்ட் பட்டறையில கிடக்கு."

போன் வைக்கப்பட்டது.

வரிசையில் நின்ற ஒரு பெண் அவன் முழங்காலைப் பார்த்துவிட்டு அருகே வந்தாள். அவள் புருஷன் மூன்று மாதமாக நினைவில்லாமல் கிடக்கிறானாம்.

"சைக்கிள்லயே வந்தீங்களா? யாருக்காகங்க?"

"எங்க அண்ணனுக்கு."

"பலிச்சுதா?" அவள் கண் அவன் வாயையே பார்த்தது.

"எழுந்து உட்கார்ந்துட்டார்," என்றான்.

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் அவளுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றான்.