மரத்துக்குப் பல் அடைத்த மச்சான்

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் வாயைத் திறந்து சிரிக்கிற யாரைப் பார்த்தாலும், அந்த வாயில் ஒரு பல்லாவது அவர் கை பட்டதாக இருக்கும். கிளினிக்கை மூடிய பிறகு அடைக்கப் பல் கிடைக்காமல் தவித்தார். கடைசியில் என் மரத்துக்கு அடைத்தார்.

மரம் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற தூங்குமூஞ்சி. நான் பஸ் ஓட்டியவன்; எனக்குப் பஸ் கணக்கில்தான் சொல்ல வரும். அதன் நிழலில் ஒரு டிப்போவையே நிறுத்தலாம். பொழுது சாய்ந்தால் இலையை மடக்கிக்கொண்டு தூங்கும். மேகம் கறுத்தாலும் தூங்கும். என் மனைவி அந்த மரத்தையும் என்னையும் ஒரே பெயரில்தான் குறிப்பிடுவாள். அக்கம்பக்கத்தார்தான், “எந்தத் தூங்குமூஞ்சி?” என்று கேட்டுத் தெளிந்துகொள்வார்கள்.

எங்கள் ஊர் ஈரமும் லேசுப்பட்டதல்ல. கொடியில் போட்ட சட்டை முளை விடும். உப்பு ஜாடிக்குள் கரண்டியை விட்டால் கஞ்சி வரும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு காற்றில் ஒரு கிளை முறிந்து, முறிந்த இடம் இற்றுப் பொந்தானது. தலை நுழைகிற அளவுப் பொந்து. என் தலையை நுழைத்துத்தான் அளந்தேன். வெளியே எடுக்கத்தான் எண்ணெய் தேவைப்பட்டது.

பொந்தைப் பார்த்ததும் மச்சானுக்குப் புதையல் கண்ட முகம்.

“சொத்தை, மாப்பிள்ளை! அசல் சொத்தை!”

சுரண்டினார். கழுவினார். கம்பி வலையை வைத்துச் சிமெண்டை மூட்டை மூட்டையாகத் திணித்தார். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். நல்லவேளை, மரத்தை வாய் கொப்பளிக்கச் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அந்த அடைப்பைத்தான் காட்டுவார்.

சில வருடம் ஒன்றும் தெரியவில்லை. இந்த வருடம் சிமெண்டின் ஓரத்திலிருந்து கறுப்பாக நீர் வடிந்தது. கீழே ஒரு காளான், யானைக் காது அகலத்துக்கு விரிந்தது. அந்தப் பொந்துக்குச் சற்று மேலேதான் எங்கள் படுக்கை அறைக் கூரைக்கு மேல் நீண்டிருக்கும் பெரிய கிளை கிளம்புகிறது. என் மனைவி காளானைப் பார்த்தாள். கிளையைப் பார்த்தாள். உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“என்னங்க, மழை வர்றதுக்குள்ள ஒண்ணு அந்த மரம் போகணும், இல்லேன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்.”

“உங்கண்ணன் வீடு பக்கத்து வீடுதானே? மரம் அங்கயும்தான் விழும்.”

“பல்லைக் காட்டாதீங்க. ஆளைக் கூப்பிடுங்க.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குச் சங்கடம். வேலை பார்த்த காலமெல்லாம் என்ஜின் சூட்டில் வெந்தவன் நான். ஓய்வு என்று நான் மனதில் வைத்திருந்தது அந்த நிழலும் அதன்கீழ் ஒரு சாய்வு நாற்காலியும்தான். மரம் போனால் வீடு வாணலி, நான் வறுகடலை.

மரம் ஏறுகிறவர் வந்தார். உடம்பு எருமை, பட்டப்பெயர் அணில். அவர் தொங்குகிற கயிற்றுக்குத்தான் வீரப் பதக்கம் கொடுக்க வேண்டும். மரச்சுத்தியால் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார்.

“சிமெண்ட் உள்ள கிடக்கறதால சத்தம் குழம்புது சார். அதை எடுத்துட்டுப் பாக்கணும். பொந்தைச் சுத்தி நல்ல மரம் ஒரு சாண் இருந்தா, கிளையோட பாரத்தைக் குறைச்சா போதும், நிக்கும். இல்லேன்னா அடியோட வெட்டணும்.”

“மேல மொட்டை அடிச்சிட்டா?” என்றாள் மனைவி.

“மொட்டை அடிச்சா குச்சி குச்சியா வெடிச்சு வரும்மா. ஒண்ணுக்கும் பிடிமானம் இருக்காது. அடுத்த காத்துல அதுங்கதான் தலையில விழும்.”

அவள் என் வழுக்கையைப் பார்த்தாள். “இங்க ஒண்ணுகூட வெடிக்கலையே.”

சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த மச்சான் அதற்குள் வந்துவிட்டார்.

“யாரு எதை எடுக்கிறது? நான் போட்ட அடைப்பு ஒண்ணு ஆடினதா சரித்திரம் இருக்கா? மரத்துக்கு வயசாச்சு, அவ்வளவுதான். வெட்டிடுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனிதர் மரத்தை விட்டுக்கொடுப்பார், அடைப்பை விட்டுக்கொடுக்க மாட்டார்! மனைவியோ, “டாக்டரே சொல்லிட்டாரு,” என்று தலையை ஆட்டினாள். அணில் சங்கிலி வாளை எடுக்கக் கிளம்பினார்.

பஸ் ஓட்டினவனுக்குக் கடைசி நொடியில் பிரேக் போடத் தெரியாதா?

“வெட்டலாம் மச்சான்,” என்றேன். “ஆனா வெட்டினா அடிக்கட்டை நிக்கும். நடுவுல உங்க சிமெண்டு, சுத்தி அழுகல். தெருவே வந்து பாக்கும். பள்ளிக்கூடத்துலேர்ந்து பிள்ளைங்களை வரிசையா கூட்டிட்டு வருவாங்க. இப்ப திறந்தா நாம நாலு பேர்தான் பாப்போம்.”

“வாளும் சிமெண்டுல பட்டா சங்கிலி அறுந்துடும் ஐயா,” என்று அணில் தன் கவலையைச் சேர்த்தார்.

மச்சான் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். கையில் பழைய தோல் பெட்டியோடு திரும்பி வந்தார். அதிலிருந்து குட்டிச் சுத்தி, கொக்கிக் கம்பி, காம்பு வைத்த வட்டக் கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்து என் சாய்வு நாற்காலியில் பரப்பினார். மரத்தில் இடது கையை வைத்தார்.

“கொஞ்சம் கூசும்,” என்றார். எங்களிடம் இல்லை.

அடைப்பை மெல்லத் தட்டினார். அடுத்துப் பட்டையைத் தட்டினார். மறுபடி அடைப்பு, மறுபடி பட்டை. வாய்க்குள் பல்லைத் தட்டித் தட்டிக் கேட்ட காது அது. எனக்கு எல்லாம் ஒரே ‘டொக்’காகத்தான் கேட்டது. அடைப்பின் ஓரத்தில் கொக்கிக் கம்பியை வைத்தார். அது வழுக்கிக்கொண்டு முழுசாக உள்ளே போனது. கம்பியை உருவித் துடைத்தார்.

“மாப்பிள்ளை, இது ஆடுது,” என்றார் மெதுவாக. “காத்துல மரம் அசையும். சிமெண்டு அசையாது. அந்த இடுக்குல தண்ணி இறங்கியிருக்கு. பல்லு மாதிரி இதுவும் அசையாதுங்கற நினைப்புலயே அடைச்சுட்டேன்.”

கிண்டலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சாய்வு நாற்காலியை ஓரமாக நகர்த்தினேன். மனைவிதான், “எடுத்துடலாம்ணே,” என்றாள்.

அணில் உளியால் நெம்பினார். கட்டி முழுசாகக் கழன்று விழுந்தது. பூமி அதிர்ந்து அடுத்த தெருவில் ஒருவர் படுக்கையிலிருந்து உருண்டார் என்று கேள்வி. பின்னாலேயே கறுப்புத் தண்ணீர் கொட்டியது. எறும்புகள் முட்டையைச் சுமந்துகொண்டு வீடு காலி செய்தன. மச்சான் டார்ச்சை அடித்து, கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மேலாகத்தான் இளகியிருக்கு. உள்ள கல்லு மாதிரி ஒரு சுவர்.”

“அது மரம் தானே போட்டுக்கிற வேலிங்க. அதைச் சுரண்டாதீங்க,” என்றார் அணில். பிறகு மெல்லிய துளைக்கம்பியால் நாலு பக்கமும் அளந்தார். ஒரு பக்கம் ஒரு சாண். மற்ற மூன்று பக்கமும் அதற்கு மேலே.

மனைவி நம்பவில்லை. தன் கையால் சாண் போட்டுக் கம்பியை மறுபடி அளந்தாள். அளந்துவிட்டுக் கிளையைப் பார்த்தாள். “கூரைக்கு மேல ஒரு இலை நீட்டக் கூடாது. அப்படின்னா இருக்கட்டும்.”

அணில் ஏறினார். கிளையை அடியோடு வெட்டாமல், பக்கக் கிளை பிரிகிற இடம் பார்த்து, அங்கிருக்கிற வீக்கத்தைக் காயப்படுத்தாமல் நுனியை மட்டும் நறுக்கிக் கயிற்றில் இறக்கினார். இறங்கி வந்தவரிடம் மச்சான் கேட்டார்: “பொந்தை இனிமே எதால அடைக்கிறது?”

“எதாலயும் வேணாங்க. திறந்தே கிடக்கட்டும். காத்து படட்டும்.”

“திறந்தேவா?” பசித்த பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டு வரச் சொன்னது போல் மச்சான் கேட்டார்.

மழை வந்தது. எங்கள் ஊர் மழை எப்படியென்றால், மீனுக்கே குடை தேவைப்படும். காற்று மரத்தைப் பிடித்து ஆட்டியது. மரம் ஆடியது, கிளை ஆடியது, கூரை அப்படியே இருந்தது. என் மனைவி அதே கட்டிலில், அதே இடத்தில் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் பகல் தூக்கத்தில் இருந்தேன். வெளியே மரமும் இலையை மடக்கியிருந்தது.

அவள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு என்னை உலுக்கினாள்.

“என்னங்க, எங்கண்ணன் குடையும் டார்ச்சுமா மரத்துகிட்ட நின்னு ‘ஆ காட்டு’ன்னு சொல்லிட்டிருக்காரு.”

“காட்டிச்சா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.